சனிக்கிழமை ஈயம்

எங்கள் கடையில் அப்பா காலத்திலிருந்து ஒரு சட்டம் உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் எழுந்துபோய்ச் சரக்கு எடுக்கக் கூடாது. எடுத்தால் வாங்க வந்தவனுக்கு நம் ஆவல் தெரிந்துவிடும். ஆவல் தெரிந்துபோன வியாபாரிக்கு அன்று முழுநாளும் ராகுகாலம்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது கடை. கயிறு, வலை, தூண்டில், மிதவைப் போயா, ஈயக்குண்டு என்று கடலுக்குப் போகிறவனுக்கு மீனைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். முப்பது வருடமாகக் கல்லாவில் இருக்கிறேன். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இருந்து பழகியதில், கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என் மனசு பிடிபடாது. சரக்கு எடுப்பது அய்யாக்குட்டி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அப்பா காலத்து ஆள்.

அந்தச் சட்டத்தை வாரத்துக்கு ஒரு தடவை மீறினேன். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு.

நாலு மணிக்கு மெட்டில்டா வருவாள். திரேஸ்புரத்தில் ஆறு பெண்களை வைத்துக்கொண்டு, கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுக்கும் கூடம் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாது. சனிக்கிழமை கரைக்கு வரும் வலைகளைத் திங்கள் விடிவதற்குள் தயார் செய்தாக வேண்டும். வலையின் அடிவிளிம்பு தண்ணீரில் இறங்கி நிற்க ஈயக்குண்டு கோர்க்க வேண்டும். அதற்குத்தான் வருவாள். அவள் கணவர் கிளாட்வின் படகு இன்ஜின் மெக்கானிக்; மஞ்சள் காமாலையில் இறந்து பத்து வருடம் ஆகிறது. ஒரே மகள் விஜிலா கல்யாணமாகிக் கொச்சியில் இருக்கிறாள்.

“அண்ணாச்சி, போன வாரத்து ஈயம் எடை கொறச்சலா இருந்திச்சி” என்பாள்.

“ஈயம் கரையுமா, மெட்டில்டா?”

“உங்க கடை ஈயம் கரையும்போல. ரெண்டு குண்டு கொசுறு போடுங்க.”

“ஒண்ணு.”

“ரெண்டு. அதுல ஒண்ணு பெருசு.”

“பெருசு வேற போட்டா கடைய நீங்களே நடத்துங்க.”

“நடத்துனா இதவிட நல்லாத்தான் நடத்துவேன். சிலந்திக்கூட்டையாவது அடிப்பேன்.”

ஈயம் கனமான சரக்கு. அதனால் கடையின் அடித்தட்டில், தரையோடு தரையாக ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். நான் கல்லாவை விட்டு எழுந்து போய், வயிறு தொடையில் அழுந்தக் குனிந்து, பெட்டிக்குள் கைவிட்டு அள்ளுவேன். நல்ல ஈயம் எது, மட்டம் எது என்று அய்யாக்குட்டிக்குத் தெரியாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிவைத்திருந்தேன். அள்ளி நிமிர்வதற்குள் அது வந்துவிடும்.

அதை எப்படிச் சொல்வது? முதலில் நெஞ்சுக்குள் ஒரு தவில். பிறகு தலைக்குள் அதே தவில். கை கால் சில்லிட்டு, முதுகில் வேர்வை ஆறாக ஓடும். உதடு வெளுத்துவிடும். தட்டைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, நல்ல குண்டாகப் பொறுக்குவதுபோல் நிற்பேன். பத்து நிமிடத்தில் சில சமயம், இருபது நிமிடத்தில் சில சமயம், அது இறங்கிப்போகும். அதற்குள் அள்ளி வைத்ததை எடுத்துக்கொண்டு, காசைக் கல்லாவில் வைத்துவிட்டு அவளும் போயிருப்பாள். ஒன்பது வருடம் இப்படி.

எனக்கு ஐம்பத்தோரு வயது. மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்து நிமிர்ந்தபோது, மாப்பிள்ளைச் சந்தையில் என் பருவம் முடிந்திருந்தது. ஆகவே எனக்கு இந்த விஷயத்தில் முன் அனுபவம் கிடையாது. ஒரு பெண் வரும்போது நெஞ்சு அடிக்கிறது, வேர்க்கிறது, அவள் போனபின் நாலு நாள் உலகம் சப்பென்று இருக்கிறது என்றால் அதற்கு என்ன பெயர் என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. காதல் என்று பெயர் வைத்தேன். திருச்செந்தூரில் சாஷ்டாங்கமாக விழும்போதும் ஒன்றிரண்டு முறை இதே தவில் கேட்டது. அதற்குப் பக்தி என்று பெயர் வைத்தேன்.

சொல்லவில்லை. அவள் வேதக்கார வீடு, நாங்கள் சாமி கும்பிடுகிற வீடு. அவளுக்கு மகள், எனக்கு மூன்று மைத்துனர்கள். அதைவிட, வாரத்துக்கு ஒரு தடவை அந்த இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. மற்ற ஆறு நாளும் அதற்காக ஏங்கிக்கொண்டிருப்பதும் ஒரு வேலையாக இருந்தது.

இந்த மார்ச் மாதம் அந்த ஏக்கத்துக்கு ஒரு தேதி வந்தது. “விஜிலா முழுகாம இருக்கா அண்ணாச்சி. அக்டோபர்ல பிரசவம். பனிமய மாதா கோயில் திருவிழா முடிஞ்சதும் கொச்சிக்குப் போறேன்” என்றாள் மெட்டில்டா. “‘அங்கனயே இருந்துரு’ங்கா. கூடத்த, எங்கூட வல தைக்கிற அற்புதமணி பாத்துக்கிடுவா.”

“ஒரேயடியாவா?”

“அப்பிடித்தான் சொல்லுதா.”

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி திருவிழா முடியும். அதற்குள் சொல்லியாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதே மாதம்தான் மூச்சு முட்ட ஆரம்பித்தது. சரக்கு அடுக்கும் கிட்டங்கி மாடிக்குப் பன்னிரண்டு படி. ஏழாவது படியில் நின்று, யாரையோ தேடுவதுபோல் தெருவைப் பார்க்க வேண்டியிருந்தது. மல்லாந்து படுத்தால் தண்ணீரில் முங்கியதுபோல் இருந்தது. சாயந்தரம் செருப்பு காலுக்குள் போக மறுத்தது. பாளையங்கோட்டையில் டாக்டர் செல்வராணியிடம் போனேன். இதய மருத்துவர், நாற்பது வயதிருக்கும், சிரிக்காமல் சிரிக்க வைக்கிற ரகம்.

எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, “இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் தனக்குள்ள இருக்கிற ரத்தத்துல நூத்துக்கு அம்பத்தஞ்சு பங்காவது வெளியே தள்ளணும். உங்களுது முப்பதுதான் தள்ளுது” என்றார். ஆஞ்சியோ செய்தார். ரத்தக் குழாயில் அடைப்பு ஒன்றும் இல்லை. சர்க்கரை இல்லை. நான் குடிப்பதில்லை; எங்கள் தெருவில் அது ஒரு குறையாகவே பேசப்படும்.

“பிறகு தசை ஏன் இப்படித் தொய்ஞ்சு போச்சு?” என்று என்னையே கேட்டார். “படபடப்பு வருமா? தலைவலி, வேர்வை?”

“வரும்.”

“எப்போ?”

கல்லாவில் உட்காரும்போது வைப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். “சனிக்கிழமை நாலு மணிக்கு.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். “சனிக்கிழமை நாலு மணிக்கு என்ன நடக்கும்?”

“ஒருத்தங்க கடைக்கு வருவாங்க.”

அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை வைத்தார். அது உருண்டு என் காலடியில் விழுந்தது. என் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை சுற்றியிருந்தது. மரியாதைக்கு நானே குனிந்து பேனாவை எடுத்தேன். நிமிரும்போது தவில் தொடங்கியது.

அந்த அறையில் மெட்டில்டா இல்லை. டாக்டர் இருந்தார், ஒரு நர்ஸ் இருந்தார், சுவரில் பல்லி ஒன்று இருந்தது. மூவர்மீதும் எனக்கு எந்த உத்தேசமும் கிடையாது. ஆனாலும் அதே தவில், அதே வேர்வை, அதே சில்லிப்பு. மெஷின் இருநூற்றுப் பதினெட்டு காட்டியது. டாக்டர் என்னைச் சாய்த்து உட்கார வைத்து, நர்ஸை எதற்கோ அனுப்பி, அது இறங்கும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அவங்க கடைக்கு வந்தா நீங்க என்ன செய்வீங்க, அண்ணாச்சி?”

“ஈயம் எடுத்துக் கொடுப்பேன்.”

“ஈயம் எங்கே இருக்கும்?”

என் முகத்தில் அன்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

சிறுநீரை ஒருநாள் முழுக்கப் பிடித்துச் சோதித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தின் தலையில் குல்லாய்போல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னச் சுரப்பி. அதில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி. நான் வயிற்றை மடக்கிக் குனியும்போதெல்லாம் அதைப் பிழிந்திருக்கிறேன்.

டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கினார். “ஆபத்து வந்தா ஓடறதுக்கும் எதிர்க்கறதுக்கும் உடம்பு தனக்குத்தானே போட்டுக்கிற மருந்து இந்த ஹார்மோன். கொஞ்ச நேரம் வந்துட்டுப் போனா நல்லது. அளவுக்கு மீறி, திரும்பத் திரும்ப வந்தா அதே மருந்துதான் இதயத் தசைக்கு விஷம். தசை சுருங்கும், தளர நேரம் கிடைக்காது. செல்லுக்குள்ள கால்சியம் ஏறி, நாரு நாரா சாகும். செத்த இடத்துல தழும்பு. மிச்சத் தசை பலமில்லாம விரிஞ்சிரும். இதுக்கு நடுவுல உடம்பு முழுக்க ரத்தக் குழாய் இறுகிக்கும். இறுகின குழாய்க்குள்ள இதயம் ரத்தத்தைத் தள்ளணும், அதுவும் வேகமா தள்ளணும்.”

“நங்கூரத்தத் தூக்காம இன்ஜின முழுசா முடுக்குன மாதிரி.”

“அதேதான். ஒன்பது வருஷமா.”

“காதலுக்கும் இதே சரக்குதானா, டாக்டர்?”

“சரக்கு அதேதான். மனசு படபடத்தா இந்தச் சுரப்பி கிண்ணத்துல ஊத்தும். உங்க கட்டி குடத்தோட கவுக்குது.”

“அப்ப, எனக்கு வந்ததுல ஒரு கிண்ணமாவது என்னுதா இருந்திருக்கும்லா?”

டாக்டர் படத்தை மடித்தார். “அதுக்கு டெஸ்ட் கிடையாது, அண்ணாச்சி.”

மாத்திரை கொடுத்து அழுத்தத்தைப் பல வாரம் அடக்கி வைத்து, இதயம் தேறியதும் மதுரையில் அறுவை செய்து கட்டியை எடுப்பதாக ஏற்பாடு. எடுத்துவிட்டால் இதயம் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும் என்றார். நான் பேரம் பேசினேன்.

“ஆகஸ்ட் அஞ்சு வரைக்கும் தள்ளிப்போடுங்க.”

“முடியாது.”

“சூலை கடைசி.”

“அண்ணாச்சி, நீங்க மீன்வலை விக்கிறீங்க, நான் இதயம் பாக்கிறேன். இன்னும் ஒரு நல்ல சனிக்கிழமை வந்தா உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வராது. மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும். குனியவே கூடாது.”

டாக்டருக்கு நான் கேட்டது புரியவில்லை. ஒன்பது வருடம் இந்த நெஞ்சை வைத்துத்தான் அவளை நேசித்தேன். கேட்பதானால் அந்த நெஞ்சை வைத்துத்தான் கேட்க வேண்டும். கட்டியை எடுத்தபின் எதை வைத்துக் கேட்பது? ஒன்றும் இல்லையென்று ஆகிவிட்டால், அவள் கொச்சிக்குப் போவதில் எனக்கு என்ன வழக்கு?

மாத்திரை வேலை செய்தது. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் எல்லாம் கரையில் நின்றன. வலைகளை விரித்துப்போட்டு முழுசாகப் பழுது பார்க்கிற காலம். மெட்டில்டாவுக்கு வேலை அதிகம். சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தாள். நான் கல்லாவிலேயே இருந்தேன். அய்யாக்குட்டி ஈயம் அள்ளினார்.

“என்ன அண்ணாச்சி, எழும்பலியா?”

“இடுப்பு வலி.”

“மூஞ்சியும் ஒரு மாதிரியா இருக்கு.”

“மூஞ்சி எப்பவும் இப்பிடித்தான்.”

“இல்ல. எப்பவும் வெளிறிப்போயி இருப்பிய. இன்னைக்கி நல்லாயிருக்கிய. அதான் ஒரு மாதிரியா இருக்கு.”

கொசுறு கேட்டாள். அவள் கேட்டதைவிட ஒன்று கூடவே கொடுக்கச் சொன்னேன். அவள் அதற்கும் சந்தேகமாகப் பார்த்தாள். கல்லாவுக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். எழுபத்திரண்டு. இன்னும் மூன்றரை மாதத்தில் போகப்போகிற பெண் எதிரில் நிற்கிறாள். என் நெஞ்சு சுவர்க் கடிகாரம்போல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் போனபின் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செத்த வீட்டில்கூட இவ்வளவு அமைதியாக நான் உட்கார்ந்ததில்லை.

இரண்டு சனிக்கிழமை அப்படிப் போயின. மூன்றாவதுக்கு முன் நான் செய்ததை டாக்டரிடம் இன்றுவரை முழுசாகச் சொல்லவில்லை. வியாழனும் வெள்ளியும் மாத்திரையை விழுங்கவில்லை. சனிக்கிழமை காலையும் விழுங்கவில்லை. ஒரே ஒரு தடவை, அந்தப் பழைய நெஞ்சோடு, அவளிடம் கேட்டுவிடுவது என்று திட்டம்.

நாலு மணிக்கு அவள் வந்ததும் அய்யாக்குட்டியை டீக்கடைக்கு அனுப்பினேன். எழுந்து போனேன். குனிந்தேன். பெட்டிக்குள் கைவிட்டு, வேண்டுமென்றே மெதுவாக, அடியில் கிடந்த குண்டுகளைத் துழாவினேன்.

வந்தது. பிரிந்துபோன ஆள் திரும்பி வந்து கதவைத் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வேர்வை ஓடியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. திரும்பி அவளைப் பார்த்து, “மெட்டில்டா, நீங்க கொச்சிக்கு” என்றேன். மேற்கொண்டு சொல்ல மூச்சு இல்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. வாயில் நுரை வந்தது.

பிறகு துண்டு துண்டாகத்தான் நினைவு. அவள் என் தோளைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தது. “ஏய்யா, யாராவது வாங்களேன்” என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னது. வலை ஏற்ற வந்த லோடு ஆட்டோவில் என்னை உட்கார வைத்து, பின்னால் அவள் உட்கார்ந்து, படுக்கவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டது. ரோட்டின் குண்டு குழி ஒவ்வொன்றுக்கும் மாதாவைக் கூப்பிட்டாள். அந்த ஆட்டோவில் பன்னிரண்டு நிமிடம் என் முதுகு அவள்மேல் சாய்ந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சு ஒன்றைத் தவிர வேறு எதன்மேலும் ஆசை இல்லாமல் இருந்தேன்.

தூத்துக்குடியிலேயே பிழைக்க வைத்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து டாக்டர் செல்வராணி போனில் பேசினார். அதிகம் திட்டவில்லை. “அந்த எலுமிச்சம்பழத்தைக் கும்பிடுறீங்க போல” என்று மட்டும் சொன்னார்.

மே கடைசியில் மதுரையில் கட்டியை எடுத்தார்கள். கண் விழித்தபோது மார்பு புதிதாக வெள்ளையடித்த காலி வீடுபோல் இருந்தது. ஐந்தாவது நாள் அய்யாக்குட்டி ஊரிலிருந்து வந்தார். சிகிச்சைக்கு நடுவில் மயக்கத்தில் நான் என்னென்ன உளறினேனோ, தங்கைகள் அவரிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். காதல் இல்லை, கட்டிதான் என்றேன். குனிந்ததால் வந்தது, அவளால் வரவில்லை என்றேன்.

அவர் கொண்டுவந்த ஆரஞ்சை எனக்குக் கொடுக்காமல் தானே உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

“மொதலாளி, நான் ஒண்ணு கேக்கட்டா?”

“கேளும்.”

“எதுக்குக் குனிஞ்சிய?”

“ஈயம் எடுக்க.”

“நாப்பது வருசமா கடையில ஈயம் அள்ளுறது ஆரு? நான்தான? ஊர்ல இருக்க அத்தன பேருக்கும் நான் அள்ளுனேன். அந்தப் பிள்ள வந்தா மட்டும், ‘அய்யாக்குட்டி, போயி டீ குடிச்சிட்டு வாரும்’னு அனுப்பிருவிய. ஒம்பது வருசமா சனிக்கெழம தவறாம டீ குடிச்சி எனக்குச் சீக்கு வந்ததுதான் மிச்சம். டாக்டர் எனக்குச் சீனியே தொடாதங்காரு.”

“நல்ல ஈயமா பாத்து எடுக்கணும்னு…”

“ஈயத்துல என்ன வே நல்லது கெட்டது?”

நாற்பது வருடத்தில் அவர் என்னை, கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல் ‘வே’ என்று கூப்பிட்டது அன்றுதான். அடுத்த சுளையை வாயில் போட்டுக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். தையல் போட்ட இடம் வலித்தது. சிரித்தால் வலிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆனால் ஒரு வேலையாளின் வாதத்தை வைத்து ஒரு பெண்ணிடம் போய் நிற்க முடியாது. நான் காத்திருந்து பார்த்தேன். சூன் போயிற்று. படகுகள் கடலுக்குப் போயின. இதயம் தேறியது, சூலை எக்கோவில் ஐம்பத்திரண்டு காட்டியது. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். கிட்டங்கி மாடிக்கு நிற்காமல் ஏறினேன். மெட்டில்டா ஊரில் இருக்கிற காலத்திலேயே சனிக்கிழமைக் கடைக்கு அற்புதமணியை அனுப்பத் தொடங்கியிருந்தாள். கூடத்துப் பொறுப்பைப் பழக்குகிறாளாம். நாலு மணிக்கு அற்புதமணி வந்து, பேரம் பேசாமல், சொன்னதை வாங்கிக்கொண்டு போனாள். என் நெஞ்சில் தவில் இல்லை, முதுகில் வேர்வை இல்லை. அவள் போனதும் எனக்குக் கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விட வேண்டும்போல் இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. மருந்தும் இல்லை, கட்டியும் இல்லை, அவளும் எதிரில் இல்லை; யார் பிழிந்து இது வருகிறது என்று எந்த ஸ்கேனிலும் தெரியாது.

திருவிழா முடிந்த மறுநாள் சாயந்தரம் திரேஸ்புரத்துக்கு நடந்துபோனேன். அதற்கு அடுத்த நாள் அவளுக்கு ரயில். கூடத்தில் நீல வலை ஒன்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு நான்கு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். மெட்டில்டா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அற்புதமணிதான் முதலில் பார்த்தாள். “அக்கா, கடை அண்ணாச்சி வாராவ. கொசுற திருப்பிக் கேக்க வந்துட்டாவபோல.” பெண்கள் சிரித்தார்கள்.

“நீங்க போயி கருப்பட்டிக் காப்பி போடுங்க” என்று மெட்டில்டா அவர்களை உள்ளே அனுப்பினாள். நாலு பேரும் ஒரு காப்பி போடப் போனார்கள்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். கட்டியைப் பற்றி, குனிந்ததைப் பற்றி, மாத்திரையை நிறுத்தியதைப் பற்றி, ஒன்பது வருடத்தைப் பற்றி. வியாபாரி தன் சரக்கின் குறையை முதலில் சொல்வது எங்கள் குலத்திலேயே நடக்காத காரியம். அவள் நடுவில் ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். கை மட்டும் முடிச்சுப் போட்டபடியே இருந்தது.

“அப்ப அன்னைக்கி வேணும்னேதான் குனிஞ்சியளா?”

“ஆமா.”

“கோட்டி புடிச்சிட்டுதா உங்களுக்கு? என் மடியில செத்திருந்தா ஊரு என்ன சொல்லும்?”

“தப்புதான்.”

“சரி. அந்தச் சனியந்தான் இப்பம் இல்லையே. இப்பம் என்னத்த வச்சிச் சொல்லுதிய?”

“ஒண்ணும் இல்லாமத்தான் சொல்லுதேன். நெஞ்சு அடிக்கல. வேர்க்கல. நாடி எழுவது, வேணும்னா புடிச்சிப் பாருங்க. ஆனா நீங்க போறியன்னு நெனச்சா இருப்புக் கொள்ளமாட்டேங்கு. அதுக்கு டாக்டர்ட்டயும் பேரு இல்ல.”

அவள் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. வலையைப் பெருவிரலிலிருந்து கழற்றி ஓரமாக வைத்தாள். காலை மடக்கி உட்கார்ந்தாள்.

“எம் பிள்ள ‘ஒரேயடியா வந்துரு’ங்கா” என்றாள்.

“நீங்க என்ன சொன்னிய?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துருங்க.”

“பிரசவத்துக்கே ரெண்டு மாசம் கெடக்கு. பேசத் தெரியாம பேசாதிய.”

“அப்ப மூணு.”

“பேரப்பிள்ளைக்குத் தல நிக்காண்டாமா? எட்டு மாசம் இல்லாம நடக்காது.”

“நாலு.”

“ஏழு. ஞானஸ்நானத்துக்கு நான் இல்லாம?”

“ஞானஸ்நானத்த கிறிஸ்மஸுக்கு வைக்கச் சொல்லுங்க. கிறிஸ்மஸ் அங்கன. பொங்கலுக்கு இங்கன.”

“பொங்கலு உங்களுக்குத்தான, எனக்கென்ன?”

“அப்ப புதுவருசம்.”

“புதுவருசத்துக்கு மருமவன் வீட்டாளுக வருவாங்க.” அவள் விரல்களை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தாள். “ஜனவரி கடைசி. அதுக்கு மேல எறங்கமாட்டேன்.”

“ஜனவரி கடைசி சனிக்கிழம.”

“சனிக்கிழமதான் உங்களுக்கு வேணுமாக்கும்.” அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “வந்தா, வந்த பொறவு என்னங்கிறத வந்த பொறவு பாப்பம். அதுக்குள்ள ஒண்ணும் நெனச்சிக்கிடாதிய.”

“நெனைக்கல.”

“நெனைக்கியன்னு மூஞ்சியில தெரியிது.”

காப்பி வந்தது. நாலு பேர் சேர்ந்து போட்டதில் கருப்பட்டி அதிகமாகிவிட்டது. நான் முழுசாகக் குடித்தேன்.

வாங்க நினைக்காதவர்கள் விலை பேசுவதில்லை. முப்பது வருடத்தில் எனக்குத் தெரிந்தது அது. ஒரு மணி நேரம் விலை பேசிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வராமலே போனவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கொச்சியில் பேரப்பிள்ளை ஒன்று பிறந்து, கையை நீட்டி அவள் சேலையைப் பிடிக்கப்போகிறது. அதனோடு பேரம் பேசிப் பார்த்தால் யார் தோற்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

கடற்கரை ஓரமாக வீட்டுக்கு நடந்தேன். டாக்டர் தினமும் அரைமணி நடக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெரு தாண்டிப் போயும் திரும்பாமல் நடந்தேன். துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் உள்ளே கூப்பிடுவார்கள் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. நெஞ்சு சீராக ஓடிக்கொண்டிருந்தது. நாளை வியாழன். ஜனவரி கடைசிச் சனிக்கிழமைக்கு முன்னால் எத்தனை சனிக்கிழமைகள் என்று எண்ணினேன். இருபத்தைந்து. எங்காவது ஒன்றிரண்டை அதிகமாக எண்ணியிருக்க மாட்டேனா என்று நின்று, விரல்விட்டு இன்னொரு தடவை எண்ணினேன். என் கணக்கு எப்போதும்போல் சரியாகவே இருந்தது.